காலபோகம்: முதல் மழைக்கு விதைப்பதா, குளத்தைப் பார்த்து விதைப்பதா?

புழுதிவயல்:
முல்லைத்தீவில ஒட்டுசுட்டான் பக்கம் ஐஞ்சு ஏக்கர், காலபோகத்துக்கு (மாரி மழையோட செய்யிற பெரிய போகம்) நெல். ரெண்டு மானாவாரி, மூண்டு சின்னக் குளத்துக்குக் கீழ. ஐப்பசிக் கடைசியில சேத்து விதைப்பு செய்தால் கார்த்திகையில வாற புயல் மழையில முளை அழுகுது. புரட்டாசியில புழுதியில விதைச்சால் ஒரு மழைக்கு முளைச்சிட்டு பிறகு மழை இல்லாமல் கருகுது. மூண்டு மாத நெல்லுக்கு மாறச் சொல்லி ஒரு பக்கம், பழைய நாட்டு நெல் மொட்டைக்கறுப்பனுக்குத் திரும்பச் சொல்லி இன்னொரு பக்கம். நாள் கணக்கும் மழைக் கணக்கும் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. ரகத்தை மாத்தினால் சரிவருமோ?

நாற்றுமேடை:
ரகத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் நாட்களை எண்ணுங்கள். நெல் எத்தனை மாத வயதானாலும் பூத்து அறுவடை வரை ஏறத்தாழ 30 நாள். வயது வித்தியாசம் முழுக்கப் பூக்கிறதுக்கு முந்திய காலத்தில்தான் இருக்கிறது. பி.ஜி. 300 மாதிரி 90 நாள் நெல் 60ஆம் நாள் அளவில் பூக்கும். பி.ஜி. 352, ஏ.ரி. 362 மாதிரி 105 நாள் நெல் 75ஆம் நாள் அளவில் பூக்கும்.

இப்போது ஒக்டோபர் 5 விதைப்பை எடுங்கள். மூன்றரை மாத நெல் என்றால் நவம்பர் கடைசிப் புயலுக்குப் பயிருக்கு 50 நாளுக்குக் கிட்ட. நன்றாக மட்டம் (பக்கக் கிளை) வெடித்து நிற்கும், இரண்டு மூன்று நாள் வெள்ளத்தைத் தாங்கும். டிசம்பர் முதல் கிழமை மழை தாண்டி, டிசம்பர் 20 அளவில் பூக்கும். தைப்பொங்கல் கழித்து வெட்டலாம். அதே நாளில் மூன்று மாத நெல்லை விதைத்தால் டிசம்பர் முதல் கிழமையில், கொட்டுற மழைக்குள் பூக்கும். மகரந்தம் கழுவுப்பட்டுச் சப்பி (பதர்) கூடும். வெட்டு ஜனவரி முதல் கிழமையில் வரும், காயவைக்க வெயில் இராது.

ஆகவே குறுகிய வயது எப்போதும் பாதுகாப்பு என்பது பிழையான கதை. முந்தி விதைத்தால் நீண்ட வயது, பிந்தி விதைத்தால் குறுகிய வயது. நவம்பர் 20க்குப் பிறகு விதைக்க வேண்டி வந்தால்தான் பி.ஜி. 300. அது ஜனவரி 20 அளவில் பூத்து பெப்ரவரி 20 அளவில் வெட்டுக்கு வரும். ஆனால் அந்தத் திகதியில் நேரே விதைத்தால் முளை வெள்ளத்தில் மாட்டும். அதற்கு வேறு வழி இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

பழைய கணக்கு:
இதெல்லாம் புதுசா? 1964 மார்கழிப் புயலை மன்னார்ச் சனம் இன்னும் கதைக்குது. 2008 நிஷா புயலும் தெரியும். வெள்ளமும் வரட்சியும் மாறி மாறி வாறது வன்னியின்ர இயல்பு. காலநிலை மாற்றம் எண்டு சொல்லிச் சொல்லியே வாய்க்கால் துப்புரவாக்காததையும் குளத்து அலைகரையை (தண்ணி ஏறி இறங்கிற ஓரத்தை) பிடிச்சு வயலாக்கினதையும் மறைக்கினம். றோட்டுக்குக் கீழ தண்ணி போக ரெண்டடிப் போக்குப் போட்டுவிட்டு, வெள்ளம் நிக்குது எண்டு வானத்தைத் திட்டி என்ன பிரயோசனம்?

துருசுக்காரன்:
பழைய கணக்கு அண்ணை, போக்கு, அலைகரை விசயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்றால் கணக்கு இடிக்கும். காற்றின் வெப்பம் 1 பாகை கூடினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 வீதம் கூடும். அதே புயல் வந்தாலும் கொட்டுகிற தண்ணீர் கூட. வருட மொத்த மழை பெரிதாக மாறாமலே, பெய்கிற நாட்கள் குறைந்து ஒரு நாளில் விழுகிற அளவு கூடுகிறது. குளத்துக்கும் வயலுக்கும் மொத்தத்தை விட இந்தப் பங்கீடுதான் முக்கியம்.

ஒரு சதுர கிலோமீற்றர் நீரேந்துப் பரப்பில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்து அதில் பாதி ஓடிவந்தால் 40 ஏக்கர் அடித் தண்ணீர் (ஓர் ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்பது ஒரு ஏக்கர் அடி). அது பத்து நாளில் வந்தால் குளம் நிரம்பும். ஒரே இரவில் வந்தால், ஏற்கனவே நிரம்பிய குளத்தில் அவ்வளவும் வானால் (மிகை நீர் வழியும் இடத்தால்) பாயும். 2018 டிசம்பர் 21, 22இல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் நடந்தது அதுதான். கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் 34 அடியில் இருந்து 36 அடிக்கு உயர்த்தப்பட்ட பிறகு கண்ட முதல் பெரிய வெள்ளம். கதவு திறந்த நேரத்தைப் பற்றி வந்த சண்டை எல்லாருக்கும் தெரியும்.

சிக்கல் இதுதான்: கார்த்திகை முழுக்கக் குளத்தை இரண்டடி குறைத்து வைத்தால் புயலுக்கு இடம் இருக்கும். ஆனால் அந்த வருடம் மார்கழி மழை ஏமாற்றினால் சிறுபோகத்தில் (குளத்து நீரில் செய்யும் கோடைப் போகம்) அந்த இரண்டடியும் இல்லை. கமக்காரர் அமைப்பு குறைக்க விடாது, கீழே இருக்கிற சனம் நிரப்ப விடாது. நிரந்தரமாகக் குறைத்து வைப்பதை விட, தாழமுக்கம் உருவானதும் மூன்று நாலு நாளுக்கு முன்பே சிறிது சிறிதாகத் திறந்து இடம் பண்ணுவதுதான் இரண்டு பக்கத்துக்கும் இழப்புக் குறைவு.

கட்டுக்கரைப்பக்கம்:
மன்னாரில நீங்கள் உள்ளூர் மழையைப் பாத்துக்கொண்டு இருந்தால் ஏமாந்துபோவியள். அருவியாறு, மேல மல்வத்து ஓயா எண்டு சொல்லுறது, அனுராதபுரப் பக்க மழையைக் கொண்டுவரும். தேக்கம் அணைக்கு மேல என்ன நிலவரம் எண்டு பாக்கவேணும். இங்க வெயில் எறிக்கேக்கையே வெள்ளம் வந்து சேரும். 2025 கார்த்திகையில டிட்வா புயலுக்குப் பிறகு இதை ஆரும் விளக்கத் தேவையில்லை.

புழுதிவயல்:
துருசுக்காரன் அண்ணை, முன்கூட்டியே ஏதும் தெரிய வழி இருக்கோ? எல் நினோ (பசுபிக் கடல் சூடாகிற) வருசம் எண்டால் மழை இல்லை எண்டுதானே எல்லாரும் சொல்லினம்?

துருசுக்காரன்:
அது வட இந்தியாவின் தென்மேற்குப் பருவக்காற்றுக்குச் சொல்லுகிற கதை. நமக்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை எதிர்ப்பக்கம்: எல் நினோ வருடத்தில் மழை கூடுகிற பக்கம், லா நினாவில் (அந்தக் கடல் குளிர்கிற வருடம்) குறைகிற பக்கம். இந்து சமுத்திர இருமுனை நேர்மறையாக (மேற்குப் பக்கக் கடல் கிழக்கை விடச் சூடாக) இருந்தாலும் மழை கூடும். 2023இல் இரண்டும் சேர்ந்தன, டிசம்பர் நடுவில் முல்லைத்தீவு, கிளிநொச்சி வெள்ளத்தில் நின்றன. 2016இல் இருமுனை பலமான எதிர்மறை, பிற்பகுதியில் மெல்லிய லா நினாவும் சேர்ந்தது. 2016/17 காலபோகம் நாற்பது வருடத்தில் மோசமான வரட்சி என்று பதிவானது.

ஆனால் இதைச் சோதிடமாக்க வேண்டாம். 2020 லா நினா வருடம், அதிலும் டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறியது. 2025உம் மழை குறைகிற பக்கம்தான் காட்டியது, டிட்வா வந்தது. பருவ முன்னறிவிப்பு மொத்த மழையின் சாய்வைச் சொல்லும், ஒரு தனிப் புயலைச் சொல்லாது. எவ்வளவு ஏக்கர் விதைப்பது, எந்த வயது நெல் என்பதற்குப் பருவ முன்னறிவிப்பு. யூரியா எப்போது எறிவது, நாற்று எப்போது வீசுவது என்பதற்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் மூன்று நாள் முன்னறிவிப்பு.

நாற்றுமேடை:
இனிப் புழுதி விதைப்பு. கருகுகிறதுக்கு மூன்று காரணம், மூன்றும் திருத்தக்கூடியது.

ஒன்று, ஆழம். மேலாக எறிந்துவிட்டு லேசாகக் கலப்பை போட்டால் விதை அரை அங்குலத்தில் கிடக்கும். 20, 25 மில்லிமீற்றர் மழைக்கே முளைக்கும், அடியில் ஈரம் இராது. விதை ஒன்றரை அங்குல ஆழத்தில் விழவேண்டும். சின்ன மழைக்கு அது அசையாது. இரண்டு அங்குலத்துக்குக் கீழே போனால் முளை வெளியே வராது.

இரண்டு, ஊறவைத்த விதை. புழுதிக்கு உலர்ந்த விதைதான். முளைகட்டின விதையைப் புழுதியில் எறிந்தால் அடுத்த மூன்று நாளில் மழை வராவிட்டால் எல்லாம் போச்சு.

மூன்று, உழவு. சித்திரை, வைகாசி மழையோடு முதல் உழவு, ஆவணியில் இரண்டாவது. கட்டி நன்றாக உடைந்திருக்கவேண்டும். பெருங்கட்டிகளுக்கு இடையில் விழுகிற விதை ஆழமும் தெரியாமல் ஈரமும் பிடிக்காமல் போகும்.

விதை அளவு: சிபாரிசு ஏக்கருக்கு 2 புசல், அதாவது 40 கிலோவுக்குச் சற்றுக் கூட. வன்னியில் மூன்று, மூன்றரைப் புசல் போடுகிறார்கள். நெருக்கமாய் நின்றால் தண்டு மெலிந்து, தை மழைக்கு முதலில் விழுகிறது அந்த வயல்தான். புழுதிக்கு இரண்டரை போதும்.

பன்றிநெல் (தானாக முளைக்கிற களைநெல்) இருக்கிற வயலில் புழுதி விதைப்பு வேண்டவே வேண்டாம். அது முளைத்தபின் நெல்லில் இருந்து பிரித்து எடுக்கேலாது, களைநாசினியும் பிடிக்காது. அந்த வயலில் முதல் மழைக்கு அதை முளைக்க விட்டு, உழுது மடித்து, இன்னொருக்கா முளைக்க விட்டு மடித்துச் சேற்று விதைப்புத்தான்.

பழைய கணக்கு:
மழையை ஆர் அளக்கிறது? "நல்ல மழை" எண்டு ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டைச் சொல்லினம்.

நாற்றுமேடை:
பக்கம் நேராக நிற்கிற எந்த ரின்னும் போதும். வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்கவேண்டும், திறந்த வெளியில், மரத்துக்கும் கூரைக்கும் விலகி. காலை எட்டரைக்கு அடிமட்டத்தால் அளந்து எழுதுங்கள். 1 மில்லிமீற்றர் மழை ஒரு ஏக்கருக்கு 4,000 லீற்றருக்குச் சற்றுக் கூட. சேற்று விதைப்புக்கு மண்ணைச் சேறாக்க ஒரு கிழமைக்குள் 75 மில்லிமீற்றர் சேர்ந்திருக்கவேண்டும் என்பது நான் சொல்லுகிற அளவு. செங்கபில மண்ணுக்குச் சரி, மன்னார் முருங்கன் பக்கக் களிமண்ணுக்கு இன்னும் கூட வேண்டும்.

புழுதிவயல்:
அக்கா, வெள்ளம் வந்து மூடினாப் பிறகு என்ன செய்யிறது? யூரியா எறிஞ்சால் எழும்பும் எண்டு ஒரு கடைக்காரர் சொன்னவர்.

நாற்றுமேடை:
உடனே எறியவேண்டாம். அவர் யூரியா விற்கிறவர்.

விதைத்து மூன்று நாளுக்குள் வயல் மூடினால், தண்ணீர் இரண்டு நாளுக்கு மேல் நின்றால் மூச்சில்லாமல் முளை அழுகும். திரும்ப விதைப்பதுதான். இரண்டு மூன்று இலைப் பருவத்தில் நுனி வெளியே தெரிந்தால் தப்பும். மட்டம் வெடிக்கிற பருவத்தில் முழுக்க மூடி ஐந்து, ஆறு நாள் நின்றால் சாதாரண ரகங்கள் சாகத் தொடங்கும். கலங்கின தண்ணீர் என்றால் அதைவிடக் கெதியாக, வெளிச்சம் உள்ளே போகாது. சப் 1 மரபணு சேர்த்த ரகங்கள் பத்து முதல் பதினாலு நாள் தாங்கும், ஏனென்றால் அவை தண்ணீருக்குள் வளர முயன்று மாச்சத்தைச் செலவழிக்காமல் அடங்கிக் கிடக்கும். ஆனால் அது இள, நடுப் பருவத்துக்குத்தான். பூக்கிற நேரம் மூடினால் எந்த ரகமும் தப்பாது.

தண்ணீர் வடிந்ததும்: வரம்பை வெட்டி முழுக்க வடியவிடுங்கள், வயலுக்குள் நடக்கவேண்டாம், ஐந்து முதல் ஏழு நாள் பொறுங்கள். நடுக்குருத்தில் புது இலை வந்தால் அந்தப் பயிர் உயிரோடு. அப்போது யூரியா, தவணை அளவின் பாதி. அதோடு எரிபந்தம் என்ற பூஞ்சண நோயைக் கவனியுங்கள், வெள்ளம் வடிந்து பனி இறங்குகிற நாட்களில் பிடிக்கும். ஒரு சதுர மீற்றருக்கு 80, 100 கன்று உயிரோடு இருந்தால் வயலை அழிக்கவேண்டாம். நெருங்கின இடத்தில் பிடுங்கி வெளியான இடத்தில் குத்துங்கள்.

துருசுக்காரன்:
வயலுக்கு முதல் குளக்கட்டைப் பாருங்கள். சின்னக் குளங்கள் உடைகிறது பெரும்பாலும் தண்ணீர் கட்டுக்கு மேலால் வழிந்து, அல்லது துருசின் (தண்ணீர் திறக்கும் மடை) பக்கத்தால் ஊறி.

முதலாவதற்குக் காரணம் பல இடத்தில் நாமேதான்: வானுக்கு மேல் மண்மூடை அடுக்கி ஒரு அடி தண்ணீர் கூடப் பிடிப்பது. வானுக்கும் கட்டின் தலைக்கும் இடையில் இருக்கிற மூன்றடிதான் புயலுக்கு வைத்த இடம், அதில் ஒன்றை எடுத்தால் மிச்சம் இரண்டு. ஐப்பசியில் மூடை அடுக்கிறவர்கள் கார்த்திகையில் இரவு போய் எடுப்பதில்லை. அடுக்கவே வேண்டாம்.

ஆவணி, புரட்டாசியில் கட்டு நெடுக நடந்து பார்க்க வேண்டியவை: மாடு ஏறி இறங்கிப் பதிந்த இடம், புற்று, முள்ளம்பன்றி வளை, கட்டில் முளைத்த மரம். உயிர் மரத்தை விட வெட்டிவிட்ட மரத்தின் வேர் கெடுதல், உக்கிக் குழாயாகும். வளையைத் தோண்டித் திறந்து, ஈரக் களியை அரை அடி அரை அடியாகப் போட்டு இடித்து நிரப்புங்கள். வாயில் மட்டும் மண் வைத்து மூடுவது வேலை இல்லை.

மழைக்குள் கட்டின் கீழ்ப்பக்கம் ஊறினால் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். தெளிவாக வந்தால் கண்காணிப்பு. கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது, ஆபத்து. கீழ்ப்பக்கம் களி வைத்து அடைக்கவேண்டாம், தண்ணீர் வேறு பக்கம் வெடிக்கும். ஊற்றைச் சுற்றி மண்மூடையால் வட்டமாகக் கிணறு மாதிரிக் கட்டி உள்ளே தண்ணீர் ஏறவிடுங்கள், எதிரழுத்தத்தில் ஊறல் குறையும். அடைப்பது குளத்துப் பக்கத்தில்: படங்கு (தார்ப்பாய்) விரித்து அதன்மேல் களிமூடை. அதே நேரம் கீழே இருக்கிற வீடுகளுக்குச் சொல்லுங்கள். கிராம அலுவலருக்குப் போன் எடுத்துக் காத்திருக்கவேண்டாம்.

பட்டிமாடு:
எல்லாரும் நெல்லைப் பற்றியே கதைக்கிறியள். 2022 டிசம்பர் மாண்டூஸ் புயல் நேரம் வடக்கு கிழக்கில் ஆயிரத்துக்கு மேல் மாடும் ஆடும் செத்தது, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் கூட அடிபட்டது. வெள்ளம் அடித்துக்கொண்டு போகவில்லை. மழையில் நனைந்த உடம்பில் குளிர்காத்து, அதுவும் வயிறு காலி. முதல் நாள் வழக்கம்போல மேய்ந்துவிட்டு வந்து படுத்த மாடு விடிய எழும்பவில்லை.

செய்யக்கூடியது பெரிய செலவில்லை. வாடை வருகிற வடகிழக்குப் பக்கம் மட்டும் ஆளுயரத்துக்குக் கிடுகு அல்லது படங்கு மறைப்பு. கூரை இல்லாட்டிலும் காத்து நிக்கவேணும். பட்டி மேட்டில், தரையில் வைக்கோல். எச்சரிக்கை வந்த அன்று பின்னேரம் வயிறு நிறைய வைக்கோல், ஏனென்றால் நார் செரிக்கிற சூடுதான் இரவு முழுக்க மாட்டைக் காக்கும். கன்றையும் சினை மாட்டையும் மெலிந்ததையும் பிரித்து உள்ளே. வெட்டு மெசின் வந்த பிறகு வைக்கோலை வயலில் கொளுத்துகிற பழக்கத்தை விடுங்கோ. ஒரு மாட்டுக்கு நாளைக்கு 5, 6 கிலோ என்று இரண்டு மாதத்துக்குப் போர் போட்டு வையுங்கோ.

செட்டிகுளத்தாள்:
மேட்டுநில உழுந்துக்கும் இதே தலையிடிதான். 65, 75 நாள் பயிர். ஐப்பசிக் கடைசியில் போட்டால் தையில் பிடுங்கு. முந்தித் தை வெளிச்சிருக்கும், இப்ப தையிலும் மழை. காய்ஞ்ச நெத்தில் ரெண்டு நாள் மழை நிண்டால் செடியிலயே முளைக்கும்.

எங்கட பக்கம் இப்ப செய்யிறது: ஒரே நாளில் எல்லாம் போடாமல் பத்து நாள் இடைவெளியில் ரெண்டு துண்டாகப் போடுறது. ஏக்கருக்கு 10, 12 கிலோ விதை, வரிசைக்கு வரிசை ஒரு அடி. பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒரு வடிகால், முக்கால் அடி ஆழம். இந்த வடிகால் இல்லாமல் எந்த மருந்தும் உதவாது, ஒரு நாள் தண்ணி நிண்டாலே வேர் கறுத்து மஞ்சளாகும். அதை மஞ்சள் தேமல் எண்டு நினைச்சு மருந்தடிக்கிற ஆக்கள் இருக்கினம். தேமல் எண்டால் மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாக வரும், வெள்ளை ஈ பரப்பும். அங்கொண்டு இங்கொண்டு வரேக்கையே செடியைப் பிடுங்கி எரிக்கவேணும்.

முக்கால்வாசி நெத்துக் கறுத்ததும் பிடுங்கு. மிச்சத்துக்காகப் பாத்துக்கொண்டு இருந்து எல்லாத்தையும் மழைக்குக் குடுக்காதேங்கோ. மழைக்கை பிடுங்கினால் குவிக்காமல் கொட்டிலுக்குள்ள கம்பியில் தலைகீழாய்த் தொங்கவிடுங்கோ.

கட்டுக்கரைப்பக்கம்:
சிறுபோகத்துக்கு ஆரும் ஒரு கணக்குச் சொல்லுங்கோவன். கூட்டத்தில எப்பவும் சண்டை. குளத்தில தண்ணி இருக்கு, ஏன் பங்கைக் குறைக்கிறியள் எண்டு.

துருசுக்காரன்:
ஒரு சின்னக் குளத்தை எடுப்போம். சித்திரை முதலில் 300 ஏக்கர் அடி இருக்கிறது, தண்ணீர்ப் பரப்பு சராசரி 60 ஏக்கர். வெயிலும் சோளகமும் (தென்மேற்குக் காற்று) நாளொன்றுக்கு 6 மில்லிமீற்றர் குடிக்கும். 90 நாளில் 540 மில்லிமீற்றர், ஒன்றே முக்கால் அடி. 60 ஏக்கரில் அது 105 ஏக்கர் அடி, ஒரு சொட்டும் வயலுக்குப் போகாமலே. மாடு, மீன், கிணறு ஊற 30 விடுங்கள். மிச்சம் 165.

சிறுபோக நெல்லுக்கு வாய்க்கால் இழப்போடு ஏக்கருக்கு நாலரை ஏக்கர் அடி போகும். ஆக 36 ஏக்கர். அதே தண்ணீரில் உழுந்து, பயறு, நிலக்கடலை என்றால் இரண்டு ஏக்கர் அடிக்குள் முடியும், 80 ஏக்கர். கூட்டத்தில் குளத்தின் அடிக்கணக்கைச் சொல்லுகிறார்கள், ஆவியாதலைச் சொல்லுவதில்லை. அங்கேதான் ஆனியில் வயல் வெடிக்கிறது.

வெப்பம் கூடக் கூட இந்த 6 மில்லிமீற்றரும் கூடும். அதனால் தண்ணீரைக் குளத்தில் வைத்துக்கொண்டு பிந்துவது நட்டம். பங்குனி முதல் கிழமையே தொடங்குங்கள்.

நாற்றுமேடை:
பிந்தினால் இன்னொரு நட்டமும் உண்டு. நெற்பூ காலை ஒன்பதரையில் இருந்து மதியத்துக்குள் விரியும். அந்த நேரம் 35 பாகையைத் தாண்டினால் மகரந்தம் செத்துப் பதராகும். சித்திரை நடுவில் விதைத்த மூன்று மாத நெல் ஆனியில், காய்ந்த சோளகத்துக்குள் பூக்கும். பூக்கிற பத்து நாளும் வயலில் இரண்டு அங்குலத் தண்ணீர் நிற்கவேண்டும், பயிர் ஆவி விட்டுத் தன்னைக் குளிராக்கும். மற்ற எந்தக் கிழமையும் மிச்சம் பிடியுங்கள், இந்தக் கிழமையில் வேண்டாம்.

இரவுச் சூட்டையும் கவனிக்கவேண்டும். பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் 1992–2003 வயல் பதிவுகளில், வரண்ட போகத்தில் இரவு வெப்பம் 1 பாகை கூட விளைச்சல் 10 வீதம் குறைந்தது. பகலில் சேர்த்த மாச்சத்தை இரவு மூச்சே தின்றுவிடும்.

மிச்சம் பிடிக்கிறதுக்கு: நாலு அங்குல பி.வி.சி. பைப் ஒரு அடித் துண்டு, கீழ் எட்டு அங்குலத்தில் சுற்றிவர ஓட்டை. ஓட்டைப் பகுதி மண்ணுக்குள் போக, நாலு அங்குலம் வெளியே நிற்க நடுங்கள், உள்ளே இருக்கிற மண்ணை எடுத்துவிடுங்கள். பைப்புக்குள் தண்ணீர் மண்மட்டத்தில் இருந்து ஆறு அங்குலம் இறங்கினால் திரும்பப் பாய்ச்சுங்கள். கால்வாசித் தண்ணீர் மிச்சம், மீதேனும் குறையும். விதைத்து மூன்று கிழமைக்குப் பிறகு தொடங்கவேண்டும், முதலே தொடங்கினால் நெற்சப்பிப் புல்லும் கோரையும் வயலை எடுக்கும்.

கட்டுக்கரைப்பக்கம்:
முருங்கன் களியில இது சரிவராது. ஆறு அங்குலம் இறங்க விட்டால் மண் கைவிரல் அகலத்துக்கு வெடிக்கும். பிறகு பாய்ச்சிற தண்ணி வெடிப்புக்குள்ளால அடிக்குப் போகும், மிச்சம் பிடிச்சதை விடக் கூடச் செலவு.

நாற்றுமேடை:
சரி அண்ணை. களிமண்ணுக்கு மூன்று அங்குலத்தோடு நிறுத்துங்கோ, மயிரிழை வெடிப்புத் தெரிந்தவுடன் தண்ணீர். இந்த முறை ஒட்டுசுட்டான், மாங்குளம் செங்கபில மண்ணுக்கு ஏற்றது. முறைத் தண்ணீர் கிழமைக்கு ஒருக்கா வருகிற வாய்க்காலின் கடைசி வயல்காரருக்கும் உதவாது, அவர் வந்த நேரம் பிடிக்கத்தான் வேண்டும்.

பூநகரிக்காத்து:
கரையோரத்தில எங்களுக்கு உப்பு. மழை பிந்தினால் மேல்மண்ணில் ஏறி நிக்கும். மண்சாற்றின் மின்கடத்துதிறன் (உப்பின் அளவைக் காட்டுறது) மீற்றருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் ஒவ்வொரு அலகுக்கும் நெல் 12 வீதம் குறையும். 6 எண்டால் மூண்டில ஒரு பங்கு போச்சு. ஏ.ரி. 354, பி.ஜி. 369 தாங்கும், ஆனால் முளைக்கிற நேரமும் பூக்கிற நேரமும் அதுகளுக்கும் பலவீனம். முதல் பெரிய மழையைப் பிடிச்சு வைச்சு ரெண்டு நாளில வடியவிட்டு, ரெண்டாவது மழைக்கு விதைக்கிறதுதான் மருந்து. உவர்நீர்த் தடுப்பணைக் கதவு பழுதாய்க் கிடந்தால் இதெல்லாம் வீண்.

ஆலைமுற்றம்:
விளைந்ததையும் காப்பாற்றவேண்டும். நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதனுக்குள் கேட்கும். தை மழைக்குள் பெல்ட் மெசினால் வெட்டிய நெல் 22க்கு மேல் இருக்கும். பச்சையாகத் தனியாருக்குக் கொடுக்கும்போது கழிவைக் கணக்குப் பாருங்கள்: 22 வீத நெல் 100 கிலோ, 14க்குக் காய்ந்தால் 90 கிலோ 700 கிராம். நியாயமான கழிவு 9 கிலோவுக்குச் சற்றுக் கூட. பதினைந்து கழிக்கிறவர் உங்களிடம் ஐந்தரைக் கிலோ சும்மா வாங்குகிறார்.

மீற்றர் இல்லாட்டில் காய்ந்த கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு நெல்லும் ஒரு பிடி காய்ந்த உப்பும் போட்டுக் குலுக்கி, கால் மணி நேரம் விடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் 15க்கு மேல். படங்கில் ஒன்றரை அங்குலக் கனத்துக்கு மேல் பரப்பவேண்டாம், அரை மணிக்கு ஒருக்காக் கிளறுங்கள்.

விற்கிறதுக்கு முதல் வீட்டுக்கு எடுத்து வையுங்கள். ஓர் ஆளுக்கு வருடம் 110 கிலோ அரிசி, ஐந்து பேருக்கு 550. நூற்றுக்கு 65 அரிசி தேறும் என்றால் 850 கிலோ நெல், நாற்பது புசல். மாசியில் கடனுக்காக அவ்வளவையும் விற்றுவிட்டு ஐப்பசியில் கடை விலைக்கு அரிசி வாங்குகிற வீடுகளுக்குத்தான் அடுத்த வெள்ளம் பெரிய அடி. 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தி அடுத்த காலபோகம் விழுந்தபோது கொம்பறையில் (வீட்டு நெற்களஞ்சியத்தில்) நெல் இருந்த வீடும் இல்லாத வீடும் தெளிவாகத் தெரிந்தது.

பழைய கணக்கு:
ஒண்டு சேர்க்கிறன். விதைச்ச திகதியைக் கமநல சேவை நிலையத்தில பதியுங்கோ, விதைச்ச அண்டே வயலை நிண்டு படம் எடுங்கோ. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில தீர்மானிச்ச கடைசித் திகதிக்குப் பிறகு விதைச்சால் அழிவுக்கு இழப்பீடு கேக்கிறது கஷ்டம். அதனால கூட்டத்துக்குப் போய் அந்தத் திகதியிலயே சண்டை பிடியுங்கோ, பிறகு இல்லை. மயிலுக்கும் பன்றிக்கும் மட்டும் எந்தக் கூட்டமும் திகதி வைக்கேலாது.

புழுதிவயல்:
அப்ப மானாவாரி ரெண்டும் புரட்டாசிக் கடைசியில புழுதி, ஏ.ரி. 362, ஆழமாய். குளத்துக்குக் கீழ மூண்டும் பிந்தி, பி.ஜி. 300. நாற்றுமேடை அக்கா வெள்ளத்துக்கு வேற வழி எண்டு சொன்னது தட்டு நாற்றுத்தானே? அளவுகளைச் சொல்லுங்கோ.

நாற்றுமேடை:
அதுதான். 434 குழித் தட்டு, ஏக்கருக்கு 300 அளவில், விதை 12 கிலோ. மூன்று ஏக்கருக்கு 900 தட்டு வாங்காமல் ஊரில் நாலு பேர் சேர்ந்து வாங்கி ஒருவர் நாற்று வீசி முடிந்ததும் மற்றவர் என்று மாற்றிப் பாவியுங்கள்.

நவம்பர் 20, 25இல் மேட்டில் தட்டை வையுங்கள். அரித்த வயல் மண் இரண்டு பங்கு, உக்கின சாணம் அல்லது கூட்டெரு ஒரு பங்கு. குழி முக்கால்வாசி நிரப்பி, முளைகட்டின விதை மூன்று, மேலே மெல்லிய மண். மேல்மண்ணைத் தட்டின் மட்டத்துக்கு வழித்துவிடவேண்டும். குழிகளுக்கு இடையில் மண் நின்றால் வேர் ஒன்றோடொன்று பின்னி, வீசும்போது கட்டியாக விழும். பலர் இந்த முறையைக் கைவிட்டது இதனால்தான். பெருமழைக்கு மட்டும் வளைத்த கம்பின்மேல் பொலித்தீன், மழை விட்டதும் எடுத்துவிடுங்கள்.

12 முதல் 15 நாள் நாற்று. தாழமுக்கம் போன பிறகு வயலை வடித்து, பலகை அடித்து, அரை அங்குலத் தண்ணீரோடு வீசுங்கள். ஆளுயரத்துக்கு மேலாக எறிந்தால்தான் வேர்க்கட்டி கீழ்நோக்கிக் குத்தும். முக்கால்வாசியை முதலில் வயல் முழுக்க, மிச்சத்தை வெளியான இடங்களுக்கு. மூன்று நாளைக்கு ஆழத் தண்ணீர் கட்டவேண்டாம், மிதந்து ஒரு மூலைக்குப் போய்விடும்.

புயல் பிந்தினால் நாற்றைத் தட்டில் 18 நாள் வரை வைத்திருக்கலாம், தண்ணீரைக் குறையுங்கள். அதற்கு மேல் போனால் மட்டம் குறையும். அதனால் எல்லாத் தட்டையும் ஒரே நாளில் போடாமல், பாதியை ஐந்து நாள் பிந்திப் போடுங்கள். தட்டு நிழலில் வேண்டாம், நாற்று நெட்டையாகி வீசும்போது முறியும்.